சுருளியம்மாளுக்கு ஒரு பெட்டைக்குட்டி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு ஆட்டுக்குட்டிக்குக் குளம்பு வெட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டத்தில் குட்டியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அப்பா கவாத்துக் கத்தரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி ஓரத்தைச் சீவினார். அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் கருவி. அதனால் நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

"ரொம்ப வெட்டாதீகப்பா. ரத்தம் வந்துரும்."

"எனக்குத் தெரியும்த்தா. நீ தலையப் பிடி. இத அங்க கொண்டுபோய் எறக்குனா ஒங்கத்தைக்காரி மொதல்ல காலத்தான் தூக்கிப் பாப்பா. பாத்துட்டு, என்னண்ணே, பிஞ்ச செருப்போட பிள்ளையக் கூட்டியாந்துருக்கீகம்பா."

அத்தைக்காரி என்று அவர் சொன்னது சுருளியம்மாளை. சொந்தம் இல்லை. போடியில் எங்கள் தெருவில் இருந்தவள், அப்பாவின் ஜீப்பில் பல வருடம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வந்தவள். இப்போது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறை அருகே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் மகளோடு இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெட்டைக்குட்டி தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குட்டிதான் என் மடியில் இருந்தது. அதன் ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும். வந்ததும் ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோய் அத்தை கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துபோனார்.

அப்பாவின் பெயர் காசிராஜன். பொட்டிபுரத்தில் பிறந்தவர். போடியில் ஜீப்பில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பிறகு சொந்த ஜீப் வாங்கினார். காலையில் தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறுவார். மலை உச்சியில், போடிமெட்டில், எல்லாரும் டீ குடிப்பார்கள். அந்தப் பக்கம் தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். வண்டியில் பாட்டு கிடையாது. வளைவில் மேலேயிருந்து வரும் வண்டிச் சத்தம் தன் காதில் விழ வேண்டும் என்பார். பெண்களின் பேச்சையும் தூக்குச்சட்டியில் அவர்கள் தட்டும் தாளத்தையும் மட்டும் அவரால் நிறுத்த முடிந்ததில்லை.

எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தது அம்மா. குட்டி எடுத்தது அப்பா. அது ஆரம்பித்தது ஜீப்பில்.

சுருளி அத்தை ஒருமுறை மேலே தோட்டத்தில் ஒரு சினையாடு வாங்கி, ஜீப்பின் பின்னால் கட்டிக் கூட்டிவந்தாள். மலை இறங்கும்போது பாதி வளைவில் ஆட்டுக்கு வலி வந்துவிட்டது. அப்பா வண்டியை ஓரம் கட்டி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து பார்த்தார். குட்டி வெளியே வந்து விழுந்தது, மூச்சு இல்லை. பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினார். துண்டால் மூக்கைத் துடைத்தார். அப்புறமும் அசையவில்லை. குட்டியின் மூக்கை அப்படியே தன் வாய்க்குள் வைத்து மெதுவாக ஊதினார். எங்கே கற்றார் என்று கேட்டால், "கார்புரேட்டரு அடைச்சா ஊதுறதில்லையா, அந்தக் கணக்குதான்" என்பார். குட்டி தும்மியது. ஜீப்பில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். அந்தப் பெட்டைக்குட்டிக்கு ஜீப்பு என்றே பெயர் வைத்தாள் அத்தை. பின்னால் அது பெரிய ஆடாகி, "ஜீப்புக்குப் புண்ணாக்கு வாங்கணும்", "ஜீப்பு ரெண்டு குட்டி போட்டுருக்கு" என்றெல்லாம் அவள் சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள்.

அதன்பிறகு தெருவில் எந்த ஆட்டுக்கு வலி எடுத்தாலும் அப்பாவுக்கு ஆள் வரும். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. சீம்பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கி ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவார்கள். அதை ஜீப்பில் வைத்துப் பெண்களோடு பங்கு போட்டுத் தின்பார்.

"ஏண்ணே, ஊரு ஆட்டுக்கெல்லாம் வாய வைக்கிறீகளே, எங்க மதினிக்கு என்னைக்காச்சும் இப்பிடி ஒண்ணு குடுத்துருப்பீகளா?" என்று அத்தை ஒருநாள் எங்கள் வாசலிலேயே கேட்டாள்.

அம்மா, மொக்கம்மாள், முறத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "குடுத்துருந்தா நான் எதுக்குடி ஆடு வளக்குறேன்?"

அப்பா சிரித்து முடிக்க நேரமாயிற்று.

இந்த வாழ்க்கை அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் டிப்ளமா முடித்து கோயம்புத்தூரில் பம்புசெட் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "அங்க என்னத்தா சோலி?" என்று கேட்டார். "பம்பு ஒழுங்கா ஊதுதா, உறிஞ்சுதான்னு பாக்குறதுப்பா" என்றேன். "அப்ப நம்ம குடும்பத் தொழில்தான்" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், அத்தையின் ஆடு ஜீப்பு மாதம் நிறையாமல் குட்டி போட்டது. இரண்டு குட்டி. இரண்டும் உயிரில்லாமல். அப்பா இரண்டுக்கும் வெகுநேரம் ஊதினார். வரவில்லை. அந்த மழைக்காலத்தில் தெருவில் வேறு சில ஆடுகளுக்கும் அப்படியே ஆனது. ஈரப்புல்லைத் தின்றதால் என்றார்கள். அப்பா எல்லா வீட்டுக்கும் போனார், எல்லாக் குட்டிக்கும் ஊதினார்.

மார்கழியில் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும், காலையில் வேர்த்து விட்டுவிடும். இடுப்பு வலித்தது. மலை ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலிப்பது புதிதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். உடம்பு இளைத்தது. போனில் நான் கேட்கும்போதெல்லாம் "இப்ப விட்டுருச்சுத்தா" என்பார். பொய் இல்லை. அவர் பேசுகிற நேரத்தில் விட்டிருக்கும்.

பங்குனியில் ஒருநாள் மலை ஏறும்போது, மேலே இருந்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. அப்பா ஒதுங்கவில்லை. முன்சீட்டில் இருந்த சுருளி அத்தை கத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். ஜீப் மலைப் பக்கத்து வடிகாலில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை.

"ஹாரன் அடிக்காம வர்றான் பாரு" என்றார் அப்பா.

"அண்ணே," என்றாள் அத்தை, "அவன் அடிச்சு எனக்குக் காது வலிக்குது."

அப்பா எஞ்சினை அணைத்தார். பிறகு சாவியை எடுத்து அத்தை கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். இதை அத்தைதான் என்னிடம் சொன்னாள். பாண்டியராஜ் என்று ஒரு டிரைவர், பின்னால் வந்த வண்டியில் இருந்தவர், ஜீப்பை வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

அந்த வாரமே கால் தடுமாறியது. தலைவலி, வாந்தி. நான் கோவையிலிருந்து வந்து நின்றபோது என்னை அவருடைய அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனோம்.

மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டு, தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றிய உறையில் அழற்சி இருந்தது. இந்தப் பக்கத்தில் இப்படி மெதுவாக வந்தால் பெரும்பாலும் காசநோய்க் கிருமி. அதற்கு மருந்தை ஆரம்பித்தார்கள். அதில் தவறு இல்லை. ஒரு பம்பு ஓடவில்லை என்றால் நானும் முதலில் மின்சாரம் வருகிறதா என்றுதான் பார்ப்பேன். டாக்டர்கள் கேட்க வேண்டியதையும் கேட்டார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். டிரைவர் என்றோம். ஆடு மாடு உண்டா? ஆடு உண்டு. பாலைக் காய்ச்சாமல் குடிப்பீர்களா? காய்ச்சித்தான் குடிப்போம். எல்லாமே உண்மை. குட்டி எடுப்பதை நாங்கள் யாரும் ஒரு வேலையாக நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

மருந்தில் கொஞ்சம் தெளிந்தார். பிறகு மறுபடி காய்ச்சல். மறுபடி மயக்கம்.

சுருளி அத்தை ஒரு தூக்குச்சட்டி கஞ்சியோடு போடியிலிருந்து பார்க்க வந்தாள். வார்டில் இளம் பெண் டாக்டர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அப்பாவின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். கண் திறக்கவில்லை.

"ஊருல இருக்குற குட்டிக்கெல்லாம் மூக்கோட வாய வச்சு மூச்சுக் குடுத்தீகளேண்ணே. இப்ப ஒங்களுக்கு எவன் வந்து ஊதுறது?"

டாக்டர் திரும்பினார். "என்னம்மா சொன்னீங்க? எந்தக் குட்டி?"

"ஆட்டுக்குட்டிங்க. செத்தாப்புல விழும்ல, அதுக்கு ஊதுவாரு. போன மழைக்குக்கூட எங்க ஜீப்புக்கு ஊதுனாரு."

"ஜீப்புக்கா?"

"அது ஆடுங்க. மாசம் நெறையாம ரெண்டு போட்டுச்சு. ரெண்டும் பொணம். இவருதான் விடாம ஊதிக்கிட்டே இருந்தாரு."

டாக்டர் என் பக்கம் பார்த்தார். "வேற ஆடுகளும் அப்படி ஆச்சா?"

அம்மா சொன்னாள்: "தெருவுல நாலஞ்சு வீட்டுல ஆச்சு. ஏன் தாயி?"

அவர் வேகமாக நடந்து போனார். அன்றே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்துக்கு, இது மெதுவாக வளரும், அதிக நாள் வைத்துப் பாருங்கள், கையாளுகிறவர்கள் கவனம் என்று சொல்லி அனுப்பினார்கள். முடிவில் அதற்குப் பெயர் கிடைத்தது. புரூசெல்லா. ஆட்டுக்கு வந்தால் கரு கலையும். கலைந்த கருவிலும் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் நிறைந்திருக்கும். கையில் கீறல் வழியாகப் போகலாம், வாய் வழியாக, மூச்சு வழியாகப் போகலாம். அப்பா எல்லா வழியையும் திறந்து வைத்திருந்தார். மனிதனுக்கு வந்தால் காய்ச்சலும் மூட்டு வலியும்தான் வழக்கம். மூளைக்கும் நரம்புக்கும் போவது அரிது, நூறு பேரில் ஒரு சிலருக்கே என்றார் டாக்டர். போனால் காது நரம்பைப் பிடிப்பது அதன் பழக்கம்.

மருந்தை மாற்றினார்கள். வாரக் கணக்கில் ஊசி, மாதக் கணக்கில் மாத்திரை. ஒரு காலை அப்பா கண் திறந்து, அத்தை கொண்டுவந்த தூக்குச்சட்டியைப் பார்த்து, "இதுல கஞ்சி இருக்கா, சும்மா தாளம் தட்டுறதுக்கா?" என்றார். அம்மா அழுதுவிட்டாள். மாத்திரையில் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும். பிடித்துக்கொண்டுபோய்க் கழிப்பறையில் விட்ட முதல்நாள், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு அவர் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது: "ஆத்தா கலை! ஆயிலு கசியுதுத்தா!"

கால் திரும்பியது. முதலில் வாக்கர், பிறகு கம்பு. இடது காது பாதி திரும்பியது. வலது காது வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், கால்நடை மருத்துவர் அருள்மொழியை வரச் சொன்னது. அவர் தெருவில் எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுத்தார். எங்கள் வீட்டுக் கிடாய் கருவாயனுக்கு நோய் இருந்தது. தெருவில் பெரும்பாலான ஆடுகளுக்கு அவன்தான் கிடாய். அத்தையின் ஜீப்புக்கும் இருந்தது. அம்மாவுக்கும் அத்தைக்கும் ரத்தம் பார்த்ததில் ஒன்றும் இல்லை.

நோய் உள்ள ஆடுகளுக்கு வைத்தியம் இல்லை. ஊசி போட்டுக் கொன்று, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும் என்றார் டாக்டர் அருள்மொழி. கேட்டதும் ஆட்டு வியாபாரி விஜயபாண்டி பைக்கில் வந்துவிட்டார். அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எதுக்குக் குழியும் சுண்ணாம்பும்? சந்தைக்கு ஏத்திருவோம்" என்றார் விஜயபாண்டி, மெதுவாக.

அப்பா காதைத் தொட்டுக் காட்டினார். "கேக்கலப்பா."

"சந்தைக்கு ஏத்திருவோம்ணே. வெளியூரு லோடு."

"என்னது?"

"லோடுண்ணே! வெளியூருக்கு!"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு. எனக்குத்தான் போயிருச்சே."

விஜயபாண்டி பொறுமை இழந்து கத்தினார்: "சீக்கு ஆடுகளச் சந்தைக்கு ஏத்தி வித்துருவோம்ங்கிறேன்!"

எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா இடது காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு மொதல்லயே கேட்டுருச்சுப்பா. இப்ப எல்லாருக்கும் கேட்டுருச்சு. போய்ட்டு வா."

ஆனால் அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. மற்ற வீட்டுக்காரர்களுக்கு ஆடு பிழைப்பில் ஒரு பகுதிதான். சுருளி அத்தைக்கு ஜீப்பு ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவர் ஊதி உயிர் கொடுத்த ஆடு.

ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் குழி தோண்டினார்கள். அத்தை தன் ஆட்டைத் தானே கூட்டிவந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அப்பா கம்பை ஊன்றி நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

எல்லாம் முடிந்து மண் தள்ளும்போது அத்தை சொன்னாள்: "என் ஆட்டுலருந்துதான ஒங்களுக்கு வந்துச்சு. மன்னிச்சுக்கங்கண்ணே."

"ஒன் ஆட்டுக்கு எங்கிருந்து வந்துச்சு? என் கெடாயிகிட்டருந்து."

"அதெல்லாம் ஒங்க கெடா யோக்கியம்."

"அவனா? தெருவுல ஒரு வீடு விடல, அவன் யோக்கியமா?"

அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கைச் சிந்தினாள். எது எதற்குக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க வழி கிடையாது. பரிசோதனை, நோய் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லாது. நான் அதை இருவருக்கும் விளக்கினேன். இருவரும் கேட்கவில்லை. அவரவர் பழியை அவரவர் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு பெட்டைக்குட்டி தர்றேன் சுருளி" என்றார் அப்பா. "சுத்தமானதா. ரத்தம் பாத்துத்தான் தருவேன். என் கையால கொண்டாந்து தருவேன்."

"மொதல்ல கம்பில்லாம நடங்க. அப்புறம் தரலாம்."

அந்த வருடமே அத்தை மேலே மகளிடம் போய்விட்டாள். அப்பா மாத்திரைகளை ஒருநாள்கூட விடாமல் முடித்தார். முடிக்கவில்லை என்றால் திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்ப வந்தால் குட்டி கொடுப்பது யார் என்று அவரே அம்மாவிடம் கேட்டுக்கொண்டு விழுங்குவார்.

எங்கள் கொட்டத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெகுகாலம் வெறுமனே போட்டு வைத்தார். பிறகு ஆடு தேடினார். தேவாரம் பக்கம் ஊர் ஊராகப் போனார். ஆட்டைப் பிடித்துப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், கடைசியில் "ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்" என்பார். விற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருவர், "சம்பந்தம் பேச வந்தவுககூட இவ்வளவு கேட்டதில்லைங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். கடைசியில் கண்ணுச்சாமி என்று ஒருவர் சம்மதித்தார். மேய்க்கப் போகும் காட்டில் யானைக்குப் பயந்து ஆட்டைக் குறைக்க நினைத்தவர். டாக்டர் அருள்மொழி ரத்தம் எடுத்து, முடிவு பார்த்து, சரி என்றபிறகு ஒரு இளம் ஆடு வீட்டுக்கு வந்தது. பரிசோதித்த கிடாயைத் தேடிப் போய் இணை சேர்த்தார்.

அது குட்டி போட்ட அன்று நான் ஊரில் இருந்தேன். பகல் நேரம். அப்பா டாக்டர் சொன்னபடி முழங்கை வரை கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு கொட்டத்தில் உட்கார்ந்தார். "ஆப்பரேசன் தியேட்டர் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. முதலில் கிடாக்குட்டி. வந்ததும் கத்தியது. இரண்டாவது பெட்டை. விழுந்தது, அசையவில்லை.

அப்பா தலைகீழாக ஆட்டினார். மூக்கைத் துடைத்தார். மறுபடி ஆட்டினார். பிறகு முகமூடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"வேணாம்! வேணாம்யா!" என்று அம்மா கத்தினாள். அவள் வலது பக்கம் நின்றிருந்தாள்.

நான் ஒரு பொருள் செய்து வைத்திருந்தேன். ஒரு ரப்பர் பந்து, அமுக்கினால் காற்று தள்ளும், விட்டால் உறிஞ்சும். முன்னால் ஒரு சின்னப் புனலின் வாயைக் குட்டியின் மூக்களவுக்கு வெட்டி ஒட்டியிருந்தேன். காற்று போகும் வழி ஒன்று, வரும் வழி வேறு, இடையில் ஒரு வால்வு. அப்பாவிடம் முன்பே காட்டியிருந்தேன். "இது சைக்கிள் ஹாரனாத்தா?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார். இப்போது அதை அவர் கைக்குள் திணித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். புனலை மூக்கில் பொருத்தி அமுக்கினார். குட்டியின் நெஞ்சு அசையவில்லை. பக்கத்தில் காற்று கசிந்தது. ஈரக் கையுறையோடு என் விரலை ஓரத்தில் சுற்றி அடைத்தேன். அவர் மறுபடி அமுக்கினார், இந்த முறை மெதுவாக. அவர் கன்னங்கள் முகமூடி இல்லாமல் தெரிந்தன. கையால் அமுக்கும்போதெல்லாம் கன்னமும் உப்பியது. வாயால் ஊதுகிற அளவை அவர் கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குட்டியின் நெஞ்சு எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

தும்மியது.

அம்மா குலவை போட்டாள். அப்பாவுக்கு அது கேட்டது.

"உறிஞ்சுது, ஊதுது" என்றார் என்னிடம். "பாஸா?"

"பாஸுப்பா."

அன்றே மலை ஏறிப் போய் அத்தையிடம் நேரில் செய்தி சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தார். போன் இருக்கிறதே என்றேன். போனில் அவள் சொல்வது தனக்குக் கேட்காது, சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியாது என்றார். அதனால் நான் பேசினேன். அத்தை, "மூக்கும் முழியுமா அண்ணன் மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். அப்பாவிடம் சொன்னேன். "அவள மாதிரி இருக்கு. பொறந்ததுலருந்து வாய மூடல" என்றார்.

உடனே கொடுக்க முடியாது. சின்னக் குட்டியின் ரத்தத்தை நம்ப முடியாது, ஆறு மாதம் தாண்டட்டும் என்றார் டாக்டர் அருள்மொழி. அப்பா காத்திருந்தார். அவருக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மாதங்களில் அவர் நன்றாக இருந்தார்.

ஜீப்பை இப்போது பாண்டியராஜ் ஓட்டினார். அப்பா தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து போவார். ஓட்டத் தடை, உட்காரத் தடை இல்லையே என்பார். வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதிப்பார். "மாமா, தரையில ஓட்டை விழுந்துரும்" என்பார் பாண்டியராஜ். பின்னால் பெண்கள் அவரைப் பற்றி அவர் காதுபடவே பேசுவார்கள். "நெசமாவே கேக்கலயா, இல்ல விஜயபாண்டிக்குப் பண்ணுன மாதிரியா?" என்று ஒருத்தி கேட்க, அப்பா திரும்பாமலே, "அதச் சொல்ல மாட்டேன்" என்பாராம். வண்டியே சிரிக்குமாம். வீட்டில் குட்டி வளர்ந்தது. ஜீப் வாசலில் நிற்கும்போதெல்லாம் முன்சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. அப்பா அதைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருவார்.

ஆறு மாதம் தாண்டியதும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் குளம்பு வெட்டினோம். நான் திங்கட்கிழமை கோவைக்குத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை போடிமெட்டில், பெண்கள் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். பாண்டியராஜ் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுபோய் டிரைவர் பக்க ஜன்னல் வழியாக நீட்டினார். அப்பா வாங்கவில்லை. இடது பக்கமாகப் போய் மறுபடி கூப்பிட்டார். அப்போதும் வாங்கவில்லை. இருதயம் என்றார்கள். அந்தக் கிருமி இருதயத்தின் வால்வில் எதையாவது விட்டுவைத்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சுருளி அத்தை அதே ஜீப்பில் வந்தாள். எல்லாம் முடிந்தபிறகு பின்னால் கொட்டத்துக்குப் போனாள். நானும் போனேன். குட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவள், குனிந்து அதன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"குளம்பு வெட்டிருக்காரு" என்றாள்.

அம்மா வந்து, "கூட்டிட்டுப் போயிரு சுருளி. ஒனக்குன்னு வச்சுருந்தது" என்றாள்.

"ரத்த ரிசல்ட்டு வரட்டும் மதினி. பாத்துத்தான் தருவேன்னாரு. இப்பக் கொண்டுபோனா அங்கருந்து சத்தம் போடுவாரு. நம்ம பேசுறதுதான் அவருக்குக் கேக்காது. அவரு பேசுறது நமக்குக் கேக்கும்ல." பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கொண்டாந்து தர்றேன்னு சொன்னாருடி. நானா வந்து எப்பிடித் தூக்கிட்டுப் போறது?"

அப்பாவின் முப்பதாம் நாள் காரியத்துக்கு நான் மறுபடி ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று டாக்டர் அருள்மொழி போன் செய்தார். முடிவு வந்துவிட்டது, குட்டி சுத்தம். எல்லை தாண்டுவதற்குச் சான்றிதழ் எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பாண்டியராஜிடம் கேட்டேன். என்றைக்குச் சொன்னாலும் வண்டி எடுக்கலாம் என்றார்.

இன்று காலை கொட்டத்தைப் பெருக்கும்போது பார்த்தேன். குட்டியின் குளம்பு ஓரத்தில் மறுபடி வளர்ந்திருக்கிறது. கவாத்துக் கத்தரி அப்பா வைத்த இடத்தில், மூங்கில் இடுக்கில் இருக்கிறது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும். அதன்பிறகு முன்சீட்டில் ஏற்றி, மலை ஏறி, லயத்து வாசலில் இறக்கி, கயிற்றை அத்தை கையில் கொடுக்க வேண்டும்.